அப்புறம் என்ன ஆனான்?

மதுரையில் அரசரடிப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கோர்ட்டுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து, சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மத்தியச் சிறைச்சாலையின் மதில் தெரியும். மாலையில் அந்த மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, நான் எழுதும் கதைகளை என் முகத்துக்கு நேரே குறை சொல்வது அவருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. கேட்டுக்கொண்டிருப்பது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

இந்தத் தடவை போனபோது அவர் கதையைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய தங்கை வந்து தங்கியிருந்தார். அந்த அம்மாளின் மகனை, வைகைக் கரையில் ஏதோ ஓர் அற்பத் தகராறில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். குத்தினவனுக்கு அப்போது 17 வயது. விசாரணை நடந்தது. மூன்று வருஷம் சிறப்பு இல்லத்தில் வைக்கும்படி உத்தரவாயிற்று.

"மூணு வருஷம்! அதிலே பாதிக்கு மேல் ஓடிப்போச்சு," என்றார் நண்பர். "அவன் வெளியிலே வந்து கல்யாணம் பண்ணிக்குவான், பிள்ளை பெத்துக்குவான். என் மருமகன் எந்திரிச்சு வருவானா? பதினேழு வயசுக்காரனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியுது. ஆயுள் தண்டனை மட்டும் கூடாதோ? நீங்க எழுத்தாளருங்க கருணை, கருணைன்னு எழுதி எழுதித்தான் சட்டம் இப்படி ஆச்சு. நம்ம இலக்கியத்திலே நீதின்னா எது? மனுநீதிச் சோழன். பெத்த மகன்னுகூடப் பார்க்காம தேரை ஏத்தினான். ஹைகோர்ட்டிலே அவன் சிலையைத்தானே வச்சிருக்கு? கருணாமூர்த்தி சிலையா வச்சிருக்கு?"

எழுத்தாளர்கள் எழுதித்தான் சட்டம் மாறுகிறது என்று ஒருவர் நம்புவதைக் கேட்க உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் கதவோரம் காப்பித் தம்ளர்களுடன் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். என்ன பேசுவது? "யோசித்து எழுதுகிறேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். எழுத்தாளன் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் வார்த்தைதான் அது. இந்தக் கட்டுரை அந்த வார்த்தைக்கு நான் செலுத்தும் வட்டி.

முதலில் மனுநீதிச் சோழனிடமே போகலாம். சேக்கிழார் பெரிய புராணத்தின் ஆரம்பத்தில், திருவாரூரின் பெருமையைச் சொல்லும் இடத்தில் இந்தக் கதையை வைத்திருக்கிறார். அரசகுமாரன் தேரில் வருகிறான். பரிவாரத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் ஓர் இளங்கன்று குறுக்கே துள்ளிவந்து சக்கரத்தில் அகப்பட்டுச் சாகிறது. பையன் துடித்துப்போய், தந்தை அறியுமுன் பரிகாரம் தேட அந்தணர்களிடம் ஓடுகிறான். தாய்ப் பசு அரண்மனை வாசல் மணியை அடிக்கிறது. மந்திரி பிராயச்சித்தம் சொல்லிப் பார்க்கிறான், அரசன் ஏற்கவில்லை. வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வது, என் மகன் கொன்றால் பரிகாரம் தேடுவதா என்று கேட்கிறான். மகன் மீது தேரை ஓட்டும்படி ஏவப்பட்ட மந்திரி, அதற்கு மனம் ஒப்பாமல் தன் உயிரையே விட்டுவிடுகிறான். பிறகு அரசனே தேரை ஏற்றுகிறான்.

சிறு வயதில் பாடப் புத்தகத்தில் படித்தபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. இப்போது படித்தால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. பசு பட்ட வேதனையை நானும் பட வேண்டும் என்பதுதான் சோழனுடைய வாதத்தின் உயிர்நாடி. தண்டனை அவன் தனக்கே விதித்துக்கொள்வது. அந்தப் பையன் என்ன நினைத்தான், எப்படி வந்து தெருவில் கிடந்தான் என்று நாம் கேட்பதே இல்லை. பையன் கதையின் நாயகன் அல்லன். தந்தையின் நேர்மையை நிறுத்துப் பார்க்க வந்த ஒரு படிக்கல். இன்னொன்றும் உண்டு. அந்தத் தீர்ப்பைக் கவி அப்படியே விட்டுவிடவில்லை. வீதியிலே சிவபெருமான் வந்து காட்சி கொடுக்கிறார். கன்றும் எழுகிறது, பையனும் எழுகிறான், மந்திரியும் எழுகிறான். சக்கரத்தடியில் அவர்களை விட்டுவிட்டுக் காவியத்தை மேலே நடத்தச் சேக்கிழாருக்கு மனம் வரவில்லை. ஹைகோர்ட்டிலே சிலை வைத்தவர்கள் கதையின் முன்பாதிக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். பின்பாதி எந்தக் கோர்ட்டின் அதிகார எல்லைக்குள்ளும் வராது.

ஆகவே சிறுவனின் குற்றம் என்ற விஷயத்துக்கு இந்தக் கதை சாட்சி சொல்லாது. அதற்கென்றே நம்மிடம் வேறு ஒரு கதை இருக்கிறது. எல்லோரும் கேட்டிருக்கிறோம், 'வியாசர் விருந்'தில் படித்தவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். விதுரன் பிறப்பைச் சொல்லும் உபகதை என்று எண்ணி வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

மாண்டவ்யர் மௌன விரதம் பூண்டு, ஆசிரமத்து மரத்தடியில் நிற்கிறார். ராஜசேவகர்கள் துரத்திவரத் திருடர்கள் ஓடிவந்து, களவுப் பொருளை அந்த ஆசிரமத்தில் போட்டு, தாங்களும் ஒளிந்துகொள்கிறார்கள். சேவகர்கள் கேட்கிறார்கள், முனிவர் பேசவில்லை. பொருளும் கிடைக்கிறது, திருடர்களும் கிடைக்கிறார்கள். முனிவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுபோய்க் கழுவில் ஏற்றிவிடுகிறார்கள். அவர் சாகவில்லை. நெடுநாள் அப்படியே இருக்கிறார். அரசன் விஷயம் அறிந்து ஓடிவந்து காலில் விழுகிறான். கழுவைப் பிடுங்கப் பார்த்தால் வரவில்லை. வெளியே நீட்டிய பாகத்தை வெட்டிவிட்டு இறக்குகிறார்கள். உள்ளே தங்கின முனையோடுதான் அவர் மிச்ச வாழ்நாள் முழுவதும் நடமாடுகிறார். ஆணி மாண்டவ்யர் என்ற பெயர் அதனால் வந்தது.

அவர் நேரே தர்மதேவதையிடம் போய், "நான் செய்த குற்றம் என்ன?" என்று கேட்கிறார். சிறு பிள்ளையாக இருந்தபோது பூச்சிகளைப் பிடித்துப் புல் முனையால் குத்தியதன் பலன் என்று பதில் வருகிறது. அற்பக் குற்றத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று மாண்டவ்யர் கொதிக்கிறார். நீ மனிதனாகப் பிறக்கக் கடவாய் என்று தர்மனையே சபிக்கிறார். அதோடு, 14 வயது வரையில் செய்தது எதுவும் பாவக் கணக்கில் சேராது என்று அன்று முதல் உலகத்துக்கு ஒரு வரம்பு கட்டுகிறார்.

நாவல் எழுதுகிறவனாக இந்தக் கதையைப் பார்க்கும்போது, இதைக் கட்டியவன் கை எவ்வளவு தேர்ந்த கை என்று வியப்பாக இருக்கிறது. தண்டனை அனுபவித்து முடித்தவன் வந்து, "நான் என்ன செய்தேன்?" என்று கேட்கிறான்! அவனுக்கே நினைவு இல்லை. பூச்சியைக் குத்திய கை வேறு, கழுவில் இருந்த உடம்பு வேறு என்ற அளவுக்கு நடுவில் ஓர் ஆயுள் ஓடிவிட்டது. தர்மனுடைய கணக்குப் புத்தகத்தில் மட்டும் இரண்டும் ஒரே ஆசாமியின் பேரில் இருக்கின்றன. கணக்கில் பிழை இல்லை. பூச்சி குத்துப்பட்டது நிஜம், குத்தியது அவர்தான் என்பதும் நிஜம். அப்படியும் அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று கதை சொல்கிறது. அந்த வயது வரம்பை விதிக்கும் உரிமையைக் கதை யாருக்குக் கொடுக்கிறது பாருங்கள்: கழுவிலிருந்து இறங்கி வந்தவருக்கு.

மறுநாள் மாலை மாடியில் இதைச் சொன்னேன். நண்பர் சிரித்துவிட்டார்.

"பூச்சி ஸார்! அவர் குத்தினது பூச்சி. இவன் குத்தினது ஆளை. அந்தக் கதையிலே பதினாலு, இவனுக்குப் பதினேழு."

நியாயமான ஆட்சேபம். கதையில் குற்றம் அற்பமானது. அதனால் முனிவர் பக்கம் சேர்ந்துகொள்வது நமக்குச் சுலபம். மாண்டவ்யர் கட்டிய வரம்பில் இந்தப் பையன் அகப்படமாட்டான் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சட்டமும் இந்த இடத்தில் தடுமாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1860-ல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 7 வயதுக்குக் கீழ் குற்றமே இல்லை என்றது. 12 வரையில் பிள்ளையின் பக்குவத்தைப் பார் என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் அதையேதான் சொல்கிறது. 2012 டிசம்பரில் டில்லி பஸ்ஸில் நடந்த கொடுமையில் ஆறு பேரில் ஒருவனுக்கு வயது 17. அவனுக்குக் கிடைத்தது மூன்று வருஷம். 2015 டிசம்பர் 20-ம் தேதி அவன் வெளியே வந்தான். 22-ம் தேதி ராஜ்ய சபையில் புதிய இளைஞர் நீதிச் சட்டம் நிறைவேறிற்று. நாடு அப்போது இருந்த கொதிப்பில் வேறு எப்படியும் நடந்திருக்காது. அந்தச் சட்டப்படி, 16 வயது நிரம்பியவன் கொடிய குற்றம் செய்தால், அவன் மனப் பக்குவத்தையும் சந்தர்ப்பத்தையும் சோதித்துப் பார்த்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம். ஆயுள் தண்டனையும் கொடுக்கலாம். ஆனால் 21-வது பிரிவில் ஒரு தடை இருக்கிறது. தூக்குக் கூடாது, வெளியே வர வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கூடாது.

ஆக, நண்பருக்கும் எனக்கும் உள்ள வழக்கு ஆயுள் தண்டனை என்ற வார்த்தையைப் பற்றியது அல்ல. அதில் ஒரு கதவு வைப்பதா, வைக்காமலே கட்டி முடித்துவிடுவதா என்பதுதான். கதவே வேண்டாம் என்பது அவர் கட்சி. உலகத்தில் அந்தக் கட்சிக்கு ஆள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 18 வயது நிரம்புமுன் செய்த கொலைக்குத் தூக்குக் கூடாது என்று அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு சொன்னதே 2005-ல்தான். அந்த வயதுப் பையன்களுக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனையைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டாயமாக விதிக்கக் கூடாது என்று சொன்னது 2012-ல். கட்டாயமாகக் கூடாது என்றார்களே தவிர, அடியோடு கூடாது என்று சொல்லவில்லை.

மாண்டவ்யர் கதையில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு; அதை மறைக்கக் கூடாது. அவர் தர்மதேவதைக்குக் கொடுத்த சாபம், கீழ்க்குலத்துத் தாயின் வயிற்றில் பிற என்பது. தண்டனை அளவு மீறிவிட்டது என்று வாதாடுகிறவர், ஒருவனுடைய பிறப்பையே தண்டனையாக எடுத்து வீசுகிறார். பிறப்பு தண்டனையாகலாம் என்று நினைக்கும் மனசுக்குப் பிறப்பே குற்றமுமாகலாம் என்று நினைக்க எத்தனை தூரம்? அரசரடியிலிருந்து உசிலம்பட்டிச் சாலையில் ஒரு மணி நேரப் பிரயாணம் போனால், அப்படிச் சட்டமே போட்டு நடத்திய ஊர்களுக்குப் போய்ச் சேரலாம்.

1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரை மேற்குச் சமவெளியில் பிரமலைக் கள்ளர் கிராமங்கள் மீது பாய்ந்தது. ஆண்கள் ரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகிப் படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். யார் என்ன திருடினான் என்ற விசாரணை அதில் இல்லை; இன்ன ஜாதியில் பிறந்தது போதும். குழந்தைகளையும் சட்டம் மறந்துவிடவில்லை. 6 வயதுக்கு மேல் 18-க்குள் உள்ள பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் கொண்டுபோய்ப் போட அது சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. 18 என்ற எண் இன்றைக்குப் பிள்ளைகளைக் காப்பாற்றச் சட்டத்தில் இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைகளைப் பிடிக்க இருந்தது.

1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ம் தேதி, ரேகை வைக்கமாட்டோம் என்று பெருங்காமநல்லூரில் ஜனங்கள் எதிர்த்து நின்றபோது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணின் பெயர் அங்கே இன்றும் நினைக்கப்படுகிறது. அதே 1920-ல், அதே சென்னை மாகாணத்தில், சென்னைக் குழந்தைகள் சட்டம் நிறைவேறிற்று. குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு ஜெயிலில் அடைக்கக் கூடாது, பள்ளிக்கு அனுப்பித் திருத்த வேண்டும் என்று இந்தியாவிலேயே முதலில் வந்த சட்டம் அது. ஒரே சர்க்கார், ஒரே வருஷம். ஒரு சட்டம் குற்றம் செய்த பிள்ளையைக் குழந்தை என்றது. இன்னொன்று, எதுவுமே செய்யாத பிள்ளையை வருங்காலக் குற்றவாளி என்று பதிவேட்டில் இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாகும்வரை அந்தப் பதிவேடு இருந்தது.

இதை எல்லாம் தெரிந்துகொள்ளுமுன்பே நான் நாவல் எழுதிவிட்டேன் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு வந்த அந்தப் புத்தகத்தில் உசிலம்பட்டிச் சந்தையில் ஒரு காட்சி. மாடு விற்றவன் மடியிலிருந்து ஒரு பையன் பணத்தை உருவிக்கொண்டு ஓடுகிறான். பார்வையிலேயே களவு, பாதத்திலேயே வேகம் என்றெல்லாம் வர்ணித்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று பல பேர் சொன்னார்கள். புத்தகம் வந்த புதிதில், திருமங்கலத்தில் ஒரு கூட்டம் முடிந்தபின், எழுபது வயது தாண்டின பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். புத்தகத்தைப் பேத்தி படித்துக் காட்டினாளாம்.

"தம்பி, சந்தையிலே ஓடுறானே ஒரு பய, அவன் அப்புறம் என்ன ஆனான்?"

"கதையில் அவ்வளவுதான் ஐயா அவனுக்கு வேலை," என்றேன்.

"அவன் பேரு என்ன?"

நான் பெயரே வைக்கவில்லை. பெரியவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு வலது கைக் கட்டை விரலை நிமிர்த்திக் காட்டினார். "எங்க அய்யா ராத்திரி டேசன்லே படுத்து எந்திரிச்சவரு. நானும் இந்த வெரலை வச்சவந்தான். எனக்கும் அங்கே நம்பர்தான்." கோபமாகச் சொல்லவில்லை. பேத்தி கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

கதை கேட்கிற பிள்ளை 'ம்' கொட்டிக்கொண்டே, "அப்புறம்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பாதிப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான் ஒரு பையனைப் பன்னிரண்டு வயதில் சந்தையில் ஓடவிட்டு, அவன் அப்படியே ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கதவில்லாத ஆயுள் தண்டனை என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தீர்ப்பை எழுதுகிறவர் நான் செய்த காரியத்தைத்தான் செய்கிறார். ஒருவன் எடுத்துவைத்த முதல் எட்டையே கடைசி எட்டாக எடுத்துக்கொண்டு பேனாவை மூடிவிடுகிறார்.

கதைகளை விட்டுவிட்டு நடப்புக்கு வா என்பார் நண்பர். நடந்ததையே சொல்கிறேன். 1994-ல் டேராடூனில் ஒரு குடும்பத்தில் பயங்கரக் கொலைகள் நடந்தன. அந்த வீட்டில் வேலை பார்த்த ஒருவன் பிடிபட்டான். சிறுவன் என்ற வாதம் எழுந்தபோது, அவன் பேரில் பாங்கிக் கணக்கு இருந்ததைக் காட்டி, அவனை வயது வந்தவன் என்று தீர்மானித்தார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல் கோர்ட்டுகளிலும் உறுதியாயிற்று. 2012-ல் ஜனாதிபதி அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 60 வயது வரையில் விடக் கூடாது என்பது நிபந்தனை. 2025 ஜனவரி 8-ம் தேதி, நீதிபதி எம். எம். சுந்தரேஷும் நீதிபதி அரவிந்த் குமாரும் இருந்த சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, குற்றம் நடந்த அன்று அவனுக்கு 14 வயதுதான் என்று பள்ளிக்கூட ரிக்கார்டுகளைக் கொண்டு முடிவு செய்து விடுதலை செய்தது. அதற்குள் சுமார் 25 வருஷம் சிறையில் போய்விட்டது. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் இருந்த வயதை ஒவ்வொரு கட்டத்திலும் கோர்ட்டுகள் பார்க்கத் தவறின என்பதை அந்தத் தீர்ப்பே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது.

இரண்டு வருஷம் முன்பு, 2023 மார்ச்சில், இதே போல இன்னொரு தீர்ப்பு. 1994-ல் புனாவில் ஏழு பேர் கொலையுண்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர், சம்பவத்தின்போது 13 வயதுகூட நிரம்பாத பிள்ளை. 28 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். ராஜஸ்தானத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி ரிஜிஸ்தரில் அவருடைய வயது அத்தனை காலமும் எழுதித்தான் வைத்திருந்தது.

கொலைகள் நடந்தது பொய் என்று எவரும் சொல்லவில்லை. மாண்டவ்யர் கதையில் வருகிற பூச்சி இங்கே மனிதர்கள். பெரிய குற்றம் என்பதால்தான் வயதைப் பார்க்கக் கண் வரவில்லை போலிருக்கிறது. கதவில்லாமல் கட்டியிருந்தால் இந்த இரண்டு பேரையும் எந்த வழியாக வெளியே கொண்டுவருவது? நண்பருக்கு இது பிடித்தது. முப்பது வருஷம் கட்டுகளைப் புரட்டினவர் ஆயிற்றே! "ரிஜிஸ்தர் வரவழைக்கணும்னு ஒரு மெமோ போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்," என்று பல்லைக் கடித்தார். கொலைகாரனுக்காக அவர் கோபப்பட்டதை அவரே கவனிக்கவில்லை.

ஆனால் என் கட்சிக்கு வேறொரு பக்கத்திலிருந்து அடி விழுகிறது. ஜெயில் வேண்டாம், இல்லத்தில் வைத்துத் திருத்துங்கள் என்று சொல்வது எழுத்தாளனுக்குச் சுலபம். 2022-ம் வருஷக் கடைசியில், செங்கல்பட்டில் உள்ள அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பாட்டரி திருடினதாகப் பிடிபட்டுச் சில நாள் முன்புதான் அங்கே சேர்ந்தவன். அடித்துக் கொன்றதாக இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது; இந்த இல்லங்களை எப்படி நடத்துவது என்று அவர் அறிக்கை கொடுத்தார். இல்லம் என்ற பெயரை வாசலில் எழுதிவிட்டால் உள்ளே வீடு வந்துவிடாது. அந்தப் பாட்டரித் திருடனுக்கு யார் விதித்த ஆயுள் தண்டனை அது?

கடைசி நாள் சாயங்காலம் பேச்சு சிலப்பதிகாரத்துக்குத் திரும்பியது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு நீதியைப் பற்றிப் பேசினால் அங்கே போகாமல் தீராது. உலகத்திலேயே அதிகமாக அநியாயத்துக்கு ஆளான பெண், ஊரையே எரிக்கும் கோபத்தில் நிற்கிறாள். யாரை எரிப்பது என்று அக்கினி தேவன் கேட்கிறான். அப்போது கண்ணகி சிலரை விட்டுவிடச் சொல்கிறாள். அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கலாம், யார் கூடாது என்று இன்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். அதில் குழந்தைகள் இருக்கிறார்கள். வயதைப் பார் என்று சொன்னது அரசனோ, ஊர்ப் பெரியவர்களோ, கருணை எழுதும் கவிஞனோ அல்லர், இழந்தவள் சொன்னாள். பிறகு மதுராபதித் தெய்வம் அவள் பின்னால் வந்து, பாண்டியர்கள் எல்லோரும் இப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று கெஞ்சும்போது சொல்லும் கதையும் ஒரு சிறுவனைப் பற்றியதுதான். சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்காலில், மழலை வாயால் பிழையில்லாமல் வேதம் சொன்ன பையனுக்கு வழிப்போக்கன் ஒருவன் நகைகளைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். புதையலை அமுக்கிக்கொண்டான் என்று தகப்பன் வார்த்திகனைச் சிறையில் போடுகிறார்கள். கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் பிழையை அறிந்து, வார்த்திகன் காலில் விழுந்து நிலமும் கொடுத்து, அதோடு நில்லாமல் நாட்டில் உள்ள சிறைகளை எல்லாம் திறந்துவிடச் சொல்கிறான். எரிகிற ஊருக்காக வாதாட வந்த தெய்வத்துக்கு, தப்பே செய்யாத அரசன் ஒருவனைக் காட்ட முடியவில்லை. தப்பு செய்துவிட்டுக் கதவைத் திறந்தவனைத்தான் காட்ட முடிந்தது.

"கண்ணகி விட்டது தப்பு பண்ணாத குழந்தைகளை," என்றார் நண்பர் விடாமல். "கோவலனைக் கொன்னது ஒரு பதினேழு வயசுப் பய என்றால் விட்டிருப்பாளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சிலம்பில் அதற்கு இடம் இல்லை. விட்டிருக்கமாட்டாள் என்றே தோன்றுகிறது. எரிக்கிறவர்களை விசாரித்து எரிக்கும் பொறுமை அன்றைக்கு அவளுக்கு ஏது?

அதுவரை அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிப் படியில் உட்கார்ந்து, கேட்கிறாரா இல்லையா என்று தெரியாதபடி ஜெயில் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளேயே கிடக்கட்டும்னுதாண்ணே எனக்கு இன்னமும் தோணுது," என்றார் அண்ணனைப் பார்த்து. "ராத்திரியிலே அப்படித்தான் தோணுது. பகல்லே வேற ஒண்ணு தோணும். கோர்ட்டிலே அவனைப் பார்த்தேன். தலையைக் குனிஞ்சே இருந்தான். என்னைப் பார்க்கலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "அங்கே போய்ப் பார்க்க விடுவாங்களா? சண்டை போட இல்லீங்க. என் பிள்ளையை அவன் நினைக்கிறானா, மறந்துட்டானான்னு தெரிஞ்சுக்கணும். அதை யார்கிட்டே கேட்கிறது?"

நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படிப் பார்ப்பதற்குச் சட்டத்தில் ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா, எந்த அதிகாரிக்கு மனுப் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தார். பழைய பழக்கம். மூன்று வருஷத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று விரல் விட்டு எண்ணினார். ஏழு மாதம் இருந்தது. கீழே போய் ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்துவந்து, மனுவின் முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்டார்.